அமீது மாமாவின் இடது பெட்டி

தர்ஷினி, கவின், இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் அப்பா பேய் பிசாசு என்று எதையும் நம்புகிற ஆள் கிடையாது. கம்பம்மெட்டு ரோட்டிலும் போடிமெட்டு ரோட்டிலும் எத்தனையோ வருடமாகக் குட்டியானை வண்டியில் வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு தனியாகப் போய்வருகிறவன் நான். இந்த வளைவில் வெள்ளைச் சேலைக்காரி கை காட்டினாள், அந்த வளைவில் வண்டிக்குப் பின்னால் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள் என்று டீக்கடையில் மற்ற டிரைவர்கள் கதை விடும்போது, "ஏறுனவுக கிட்ட டிக்கெட் வாங்குனியா, இல்ல ஓசியா?" என்று கேட்டுச் சிரிக்கிறவன். அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் கடைசிவரை படியுங்கள். கவின், நீ இப்போதே சிரிப்பாய் என்று தெரியும். சிரித்து முடித்துவிட்டுப் படி.

நம் வீட்டு முன்னறையில் துணி போட்டு மூடி வைத்திருந்த பழைய பாட்டு செட் எப்படி வந்தது, இடது பக்கப் பெட்டியின் மேல் ஒரு பூந்தொட்டியைக்கூட ஏன் வைக்க விடுவதில்லை என்று பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நான் ஏதேதோ சொல்லி மழுப்பியிருக்கிறேன். காரணம் இதுதான்.

தர்ஷினி, அப்போது உனக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாய், சில நேரம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பாய். தேனியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் கிலுகிலுப்பையை ஆட்டினார், மணியை அடித்தார், உன் முகத்தையே பார்த்தார். "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, மதுரையில் மிஷின் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்" என்று எழுதிக் கொடுத்தார். மதுரையில் நாள் கொடுத்திருந்தார்கள். அதுவரை வீட்டில் ஒரு பக்கமாகவும் மறுபக்கமாகவும் சத்தம் கொடுத்து, எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்று கவனிக்கச் சொல்லியிருந்தார்.

நான் தட்டைத் தட்டினேன், நீ திரும்பினாய். ஆனால் சத்தத்துக்குத் திரும்பினாயா, என் கை அசைவதைக் கண்டு திரும்பினாயா? போனில் பாட்டுப் போட்டேன், நீ போனைப் பிடுங்கினாய். அது எந்தக் குழந்தையும் செய்வதுதானே. உனக்குக் காது கேட்கிறதா இல்லையா என்ற அந்த ஒரு கேள்விதான் எனக்கும் உன் அம்மாவுக்கும் சோற்றுத் தட்டில், வண்டி ஸ்டியரிங்கில், படுக்கையில் எல்லா இடத்திலும் கூடவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உத்தமபாளையத்தில் அமீது மாமா இறந்துபோனார். ஏலக்காய் வியாபாரம் செய்தவர். அவர் குடும்பத்துக்கும் நம் குடும்பத்துக்கும் மாமன் மச்சான் என்று முறை வைத்துக் கூப்பிடுகிற பழக்கம், ராவுத்தர் வீடு, நம் வீடு என்ற வித்தியாசமெல்லாம் அங்கே கிடையாது. ஆனால் வியாபாரம் விட்டபிறகு அவரைப் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது. அவர் மகன் ஜாபர் மச்சான் கோயம்புத்தூரில் இருக்கிறார். வீட்டைக் காலி செய்ய என் வண்டியைத்தான் கூப்பிட்டார். எல்லாம் ஏற்றியபிறகு ஒரு மூலையில் இது நின்றது. கண்ணாடி மூடி போட்ட இசைத்தட்டு மிஷின், தூக்கினால் முதுகைப் பிடிக்கிற கனத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்.

"மாப்ள, இத எங்கன கொண்டுபோய் வைக்க? அங்க எனக்குப் பீரோ வைக்கவே எடமில்ல. பழைய இரும்புக்குப் போகாம ஒன் வீட்ல இருந்தா அத்தா சந்தோசப்படுவாக" என்றார் ஜாபர் மச்சான்.

எனக்கு அதில் தெரிந்தது பாட்டு இல்லை, இரண்டு பெட்டி! ஒன்று இடது, ஒன்று வலது. நடுவில் என் மகளை உட்கார வைத்து ஒரு பக்கம் மட்டும் பாடவிட்டால் தெரிந்துபோய்விடுமே! அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பெட்டியையும் நானே தூக்கி வண்டியில் வைத்தேன். ஒரு பெட்டி மற்றதைவிட லேசாக இருந்தது. மரம் உளுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், அதற்குமேல் யோசிக்கவில்லை.

வீட்டு வாசலில் இறக்கியதும் உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "கருவேப்பிலை வாங்கிட்டு வாங்கன்னா கல்யாண மண்டபத்தையே ஏத்திட்டு வந்திருக்கீக!"

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன். கவின், நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது, நம் பக்கத்துச் சாரல் தெரியுமே, மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் காற்றில் தூவிக்கொண்டே இருக்கும். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் பார்த்தால் ஒரே ஓட்டைமயம். போனில் ஒரு வீடியோ போட்டுப் பார்த்தேன். இசைத்தட்டு மிஷினிலிருந்து ஓட்டையில் செருக இரண்டு பின் வரும், சிவப்பு வலது, வெள்ளை இடது என்றான் வீடியோவில் பேசிய பையன். நல்லது. ஆனால் என் கையில் இருந்த இரண்டு பின்னும் அழுக்கேறி ஒரே கறுப்பு. துணியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்ததில் ஒன்றின் கழுத்தில் மட்டும் சிவப்பு ஒரு புள்ளி தெரிந்தது. மறுபடி மாறிப்போகக் கூடாதே என்று சாமி அலமாரியைத் திறந்து, சிவப்புப் பின்னில் குங்குமத்தையும் மற்றதில் திருநீற்றையும் ஈரவிரலால் அப்பினேன்.

"ஏங்க, சாமிக்கு வச்சதயா ஒயருக்குப் பூசுறீக? அடுத்து அதுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவீகளா?"

"காதுக்காகத்தான புள்ள பூசுறேன்" என்றேன். அவள் சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமலே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இந்த இரண்டு பின்னும் போக, மெல்லிசாகப் பச்சை ஒயர் ஒன்று தனியாகத் தொங்கியது. எந்த ஓட்டையிலும் சேராத மாதிரி இருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு பெட்டிக்கும் ஒயர் முறுக்கி மாட்டினேன். மிஷினுக்குள்ளேயே ஒரு இசைத்தட்டு கிடந்தது, நடுவில் ஒட்டியிருந்த தாள் தேய்ந்துபோய் என்ன என்றே படிக்க முடியவில்லை. சுவிட்சைப் போட்டேன், தட்டு சுற்றியது, முள்ளை வைத்தேன். வலது பெட்டியிலிருந்து கொசு பாடுகிற மாதிரி ஒரு நாதஸ்வரம். இடது பெட்டியில் ஒன்றுமே இல்லை.

குங்குமப் பின்னையும் திருநீற்றுப் பின்னையும் இடம் மாற்றிச் செருகிப் பார்த்தேன். அப்போதும் வலதுதான் பாடியது. ஆக, கோளாறு பின்னில் இல்லை, இடது பெட்டியில்தான். அது செத்துப்போன பெட்டி. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒற்றைப் பெட்டியை வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்தைச் சோதிப்பது? அடுப்படிப் பக்கம் பார்த்து, "இடது பெட்டி செத்துப்போச்சு" என்று கத்தினேன். சரி, இருக்கிற சத்தத்தையாவது பெரிதாக்குவோம் என்று வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்ததில், இசைத்தட்டு மிஷினுக்கென்றே தனி ஓட்டை இருக்கிறதாம், நான் மாட்டியது வேறு எதற்கோ உள்ளது. இரண்டு பின்னையும் சரியான இடத்துக்கு மாற்றி, முழுக்கத் திருகி வைத்திருந்த சத்தத் திருகை அப்படியே விட்டதுதான் தப்பு. ஒரு உறுமல் வந்தது பாருங்கள், லாரி எஞ்சினை வீட்டுக்குள் ஸ்டார்ட் பண்ணின மாதிரி! பாட்டையே அது முழுங்கிவிட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, வாசலில் நின்ற கோழி பறந்து சுவரேறியது, உன் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னத்தப் போட்டு ஒடச்சீக?"

 உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தர்ஷினி. நீ பாயில் ஒருக்களித்துப் படுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துணிப்பொம்மையின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாய். அத்தனை சத்தத்துக்கும் உன் விரல்கூட நிற்கவில்லை.

உன் அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள்.  உன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், கரண்டியைத் தரையில் வைத்தாள். "நிப்பாட்டுங்க. போதும். இனி மதுரைக்கு எதுக்குப் போக?" என்றாள்.

மலையில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட நான் அப்படித் தடுமாறியதில்லை. சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் பின்பக்கம் தடவினேன். தடவிய கையில் அந்தப் பச்சை ஒயர் அகப்பட்டது, அகப்பட்டதும் உறுமல் பாதியாகக் குறைந்தது. அதை ஆம்ப்ளிஃபயரின் இரும்பில் தொட்டேன், சுத்தமாக நின்றது. எர்த் ஒயர்! இது புரிய எனக்கு இவ்வளவு நேரம். அங்கேயே ஒரு சின்னத் திருகும் இருந்தது. அதில் மாட்டி முடுக்கப் போனால் பக்கத்தில் ஒரு பின் இடித்தது, அதைப் பிடுங்கி இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் திருகை முடுக்கினேன். வீடு அமைதியாகிவிட்டது. ஓட்டில் சாரல் விழுகிற சத்தம் மட்டும்.

அப்போது பாட்டு வந்தது.

எப்படிச் சொல்வேன்? நாதஸ்வரம் என்றால் நீங்கள் கல்யாணத்தில் கேட்பதுதான். இது அப்படி இல்லை. ஊதுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. தவில்காரர் விரலில் போட்டிருக்கிற கூடு தோலில் படுகிறது, அது தனியாகக் கேட்டது. அத்தனை துல்லியம், அத்தனை பக்கத்தில்.

உன் விரல் நின்றது. உன் முதுகு எங்களுக்கு, யாரும் கை காட்டவில்லை, யாரும் தட்டைத் தூக்கவில்லை, நான் மூச்சுக்கூட விடவில்லை. நீ பொம்மையை விட்டாய். எழுந்து உட்கார்ந்தாய். திரும்பினாய்!

"திரும்புனா! ஏங்க, எம்புள்ள திரும்புனா!"

உன் அம்மா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீ தத்தித் தத்தி நடந்து வந்து, இடது பெட்டியின் முன்னால் நின்று, அதன் துணியில் உள்ளங்கையை வைத்தாய். வைத்துக்கொண்டு தவிலுக்குச் சரியாகத் தட்டினாய். ஒரு அடிகூடப் பிசகவில்லை. நான் குதித்தேன், சத்தியமாகக் குதித்தேன், இந்தத் தொந்தியை வைத்துக்கொண்டு உங்கள் அப்பா ஆடியதை அன்றைக்குப் பார்த்திருந்தால் கவின் ஒரு வருடம் சிரித்திருப்பான்.

குதித்து ஓய்ந்து முகத்தைத் துடைத்தபோது கன்னமெல்லாம் குங்குமம். என் இடது கையைப் பார்த்தேன். வலதுக்கான குங்குமப் பின் கையிலேயே இருந்தது.

உன் அம்மாதான் முதலில் கேட்டாள். "ஏங்க, எந்தப் பெட்டி பாடுது?"

"இடது."

"அது செத்துப்போச்சுன்னு இப்பத்தான கத்துனீக?"

நான் குனிந்து வலது பெட்டியில் காதை வைத்தேன். மூச்சுப்பேச்சு இல்லை. இடது பெட்டியின் துணி மட்டும் உன் கைக்குக் கீழே துடித்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன், உன் அம்மாவும் பார்த்தாள். இசைத்தட்டின் அந்தப் பக்கம் முடிகிறவரை பாடியது. முடிந்ததும் முள் நடுவில் போய் டிக் டிக் என்று இடித்தது. நான் முள்ளைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து வைத்தேன். இடது பெட்டி வாயே திறக்கவில்லை. குங்குமப் பின்னைச் செருகினேன், வலது ஜோராகப் பாடியது. இடது அன்றைக்கு மூடிய வாய்தான், அதற்குப் பிறகு நான் கேட்டு அது பாடியதே இல்லை.

மதுரைக்குப் போனோம். உன் இடது காது நன்றாகவே கேட்கிறது, வலது காதுதான் மந்தம் என்றார்கள். அந்த உறுமலுக்கு ஏன் அசையவில்லை என்று கேட்டேன், எப்படிப் படுத்திருந்தாள் என்று டாக்டர் கேட்டார். நினைத்துப் பார்த்தேன், நீ இடது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்திருந்தாய். இன்னொன்றும் சொன்னார், ஒற்றைக் காது கேட்கிறவர்களுக்கு எங்கிருந்து சத்தம் வந்தாலும் அந்தப் பக்கத்திலிருந்தே வருவதுபோல இருக்குமாம், அதனால்தான் இடது பெட்டிக்குப் போயிருப்பாள் என்றார். எவ்வளவு நிம்மதி! எல்லாவற்றுக்கும் கணக்குச் சரியாகிவிட்டது. பஸ்ஸில் ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்கு ஒரு காது. எனக்கும் உன் அம்மாவுக்கும் இரண்டு காதும் நன்றாகக் கேட்குமே, எங்களுக்கும் இடது பெட்டிதானே பாடியது?

வந்ததும் இடது பெட்டியைப் பழுது பார்ப்பது என்று திருப்புளியை எடுத்துப் பின்பலகையைக் கழற்றினேன்.

உள்ளே ஒன்றும் இல்லை. ஸ்பீக்கரே இல்லை. வட்டமாக ஓட்டை, அதற்கு முன்னால் துணி. நான் வெளியே மாட்டிய ஒயர் உள்ளே இரண்டு துண்டாக வந்து, நுனியில் பழைய டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வட்ட ஓட்டையை அடைத்துக்கொண்டு சிலந்தி வலை, ஒரு இழைகூட அறுபடாமல். 

ஜாபர் மச்சானுக்குப் போன் போட்டேன். கேட்டதும் சிரித்தார்.

"சொல்ல மறந்துட்டேன் மாப்ள. ரிப்பேருக்குன்னு மெக்கானிக்கு கழட்டிட்டுப் போனாரு, போனவரு போனவருதான். அத்தாவுக்கும் கடைசில காது சுத்தமாப் போயிருச்சு. ஆனா பாட்டு மட்டும் போடச் சொல்லுவாக. அந்தப் பெட்டி பக்கத்துல நாற்காலியப் போட்டு, அதுமேல கைய வச்சுக்கிட்டே உக்காந்திருப்பாக. 'அத்தா, அது வெறும் பெட்டி, வலதுதான் பாடுது'ன்னு நாங்க சைகை காட்டுவோம். சிரிப்பாக. 'ஒங்களுக்குக் கேக்கல'ம்பாக. வயசாயிருச்சு, புத்தி தடுமாறுதுன்னு விட்டுட்டோம்."

நான் நடந்ததைச் சொன்னேன். 

"மாப்ள, பாப்பா எங்கன கை வச்சா?"

"கீழ, ஓரத்துல. துணி தேஞ்சு பளபளன்னு இருக்குல்ல, அங்கன."

"நாற்காலில இருந்து கையத் தொங்கப்போட்டா அங்கனதான் மாப்ள எட்டும்" என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

வெறும் பெட்டிக்கு எதற்கு ஒயர் என்று அன்றே அதைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். துணி போட்டு மூடினேன். எனக்குத் தெரிந்த டிவி மெக்கானிக் ஒருவர், வலது பெட்டியின் அதிர்வு இடதுக்கு ஏறியிருக்கும் என்றார். வலதின் பின் என் கையில் இருந்ததைச் சொன்னேன், டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இத்தனை வருடமாக நான் இதை உங்களிடம் சொல்லவில்லை. அம்மாவையும் சொல்லவிடவில்லை. தர்ஷினி, இன்றைக்கு உன் வாயை மூட வைக்கத்தான் ஆள் தேவை, வலது காதில் மிஷின் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கெல்லாம் போகிறாய். பழைய கதை எதற்கு என்று இருந்தேன். ஆனால் போன வாரம் நீ பையைத் தூக்கிக்கொண்டு முன்னறையைத் தாண்டிப் போகும்போது, மூடியிருந்த துணிக்கு மேலேயே அந்தப் பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டினாய். நீ அப்படிச் செய்வதை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கேட்டேன்.

"எதுக்கு ஆத்தா அதத் தட்டுற?"

நீ செருப்பை மாட்டிக்கொண்டே, ஏதோ எனக்கும் தெரிந்த விஷயம் மாதிரிச் சொன்னாய். "அவுகதான்ப்பா முதல்ல தட்டுறாக. நான் திருப்பித் தட்டுறேன்."

நீ போய்விட்டாய். ஆட்டோ தெருமுனை திரும்புகிறவரை நான் வாசலிலேயே நின்றேன். அன்றைக்கு எனக்கு லோடு இல்லை, அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். உள்ளே வந்தேன். துணியை எடுத்து மடித்தேன். சுருட்டி வைத்திருந்த ஒயரைப் பிரித்து, இடது பெட்டியின் பின்னால் இரண்டு முனையையும் முடுக்கி மாட்டினேன். திருநீற்றுப் பின்னில் பூசியது உதிர்ந்துபோயிருந்தது, புதிதாக எடுத்துப் பூசினேன். பாட்டு எதுவும் போடவில்லை. சாப்பிடுகிற இடத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில் போட்டேன்.